சொல் ஒன்று, பொருள் பல

"இந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் என்ன?" என்று விடுதி அறையிலும் வகுப்பு வாயிலிலும் நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். விடை உடனே ஒரே சொல்லாக வந்துவிட வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறோம். ஆனால் அந்தக் கேள்வி அரைக் கேள்விதான். "எந்தப் பொருளில்?" என்பதையும் சேர்த்தால்தான் அது முழுக் கேள்வியாகும்.

இதனைத் தமிழைக் கொண்டே விளக்கலாம். ஆயினும் தாய்மொழியில் நாம் நாள்தோறும் காட்டும் வேறுபாடுகள் பழக்கத்தின் காரணமாக நம் கண்ணுக்குப் படுவதில்லை. ஆதலால் தொலைவில் உள்ள ஒரு மொழியைத் துணைக்கு அழைக்கிறேன். அது ஐஸ்லாந்து மொழி.

வட அட்லாண்டிக் கடலில் உள்ள அத்தீவில் 9ஆம் நூற்றாண்டில் நார்வே முதலிய நாட்டினர் குடியேறினர். 1944இல் அது குடியரசாயிற்று. மக்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர்; நம் நாட்டில் ஒரு நடுத்தர நகருக்கு உள்ள தொகை அவ்வளவே. எனினும் 1911இல் அவர்கள் தமக்கெனப் பல்கலைக்கழகம் கண்டனர். 13ஆம் நூற்றாண்டில் எழுதிய உரைநடைக் கதைகளை இன்றைய மாணவரும் சிறிது உதவியோடு படித்துவிடுகின்றனர். அவர்கள் மொழியும் ஆங்கிலமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உறவு மொழியே ஆங்கிலச் சொல்லை எவ்வாறு கூறுபடுத்துகிறது என்று காண்பது சுவையானது. அதன் ஒலிகளைத் தமிழ் எழுத்தில் ஏறக்குறையவே காட்ட இயலும் என்பதை நினைவிற் கொள்க.

எளிய சொல்லில் தொடங்குவோம். ஆங்கிலத்தில் 'பாங்க்' என்றால் பணம் போடும் இடம். ஆற்றின் கரையும் 'பாங்க்'தான். ஐஸ்லாந்தில் பணம் போடும் இடம் 'பௌங்கி', கரையோ 'பாஹ்கி'. கரையைக் குறிக்கும் சொல் அவர்களுடைய பழஞ்சொல். அதில் இருந்த மெல்லின ஒலி பண்டைக் காலத்திலேயே வல்லினமாக மாறிவிட்டது. பணத்தைக் குறிக்கும் சொல்லோ, நாணயம் மாற்றுவோர் அமர்ந்த பலகையின் இத்தாலியப் பெயரிலிருந்து பிற்காலத்தில் வந்தது. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே உருவம் பெற்றுவிட்டன. இவை உண்மையில் இரண்டு சொற்கள். ஆயினும் தொலைவில் இரண்டுக்கும் மூலம் ஒரே பழைய ஜெர்மானிய வேர்தான்.

வேறொரு வகையும் உண்டு. சொல் ஒன்றே; அதன் பொருள் விரிந்து பல கிளைகளாகிவிடும். 'லெட்டர்' என்பது எழுத்து; எழுத்துகளால் ஆன கடிதமும் அதுவே. ஐஸ்லாந்தியர் எழுத்தை 'போக்ஸ்தாவுர்' என்றும் கடிதத்தைப் 'பிரியேவ்' என்றும் பிரித்துச் சொல்வர். இங்கே தமிழும் அவர்கள் பக்கம்.

'டைம்' என்னும் சொல் இன்னும் வளமானது. பொதுவாகக் காலத்துக்குத் 'தீமி' என்பர். மூன்று தடவை என்னும்போது தீமி வராது. 'சின்' என்னும் வேறு சொல் வரும். "மணி என்ன?" என்று கேட்கும்போது இவ்விரண்டும் வாரா. அவர்கள் கேட்பது "க்லுக்கா என்ன?" என்பதே. க்லுக்கா என்றால் கடிகாரம். கோயிலில் ஒலிக்கும் மணியும் க்லுக்காதான்! தமிழில் நாமும் மணியைக் கொண்டன்றோ நேரம் கேட்கிறோம்? ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே வழியில் எண்ணியிருப்பதைக் கண்டு நான் வியந்தேன்.

இதுவரை தமிழ் ஐஸ்லாந்தோடு கைகோத்து வந்தது. அடுத்த சொல்லில் கை விடுகிறது. 'நோ', அதாவது அறிதல் என்னும் ஆங்கில வினைக்கு அங்கே மூன்று வினைகள் உண்டு. ஒரு செய்தியை அறிவது 'வித்தா'. ஓர் ஆளையோ ஊரையோ பழகி அறிவது 'தெக்யா'. ஒரு கலையையோ மொழியையோ கற்று அறிவது 'குன்னா'. ரேக்யவிக் அவர்கள் தலைநகர் என்பதை நான் அறிவேன்; இது வித்தா. ஆனால் அந்நகரை நான் கண்டதில்லை. ஆகவே தெக்யா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர்கள் மொழியைப் பேச எனக்கு வராது. ஆகவே குன்னாவும் இல்லை.

தமிழில் "செய்தி தெரியும்", "அவரைத் தெரியும்", "நீந்தத் தெரியும்" என மூன்றுக்கும் 'தெரியும்' ஒன்றே போதும். போதாக்குறைக்குத் தொலைவில் மலையும் 'தெரிகிறது'! தமிழிலிருந்து தம் மொழிக்குப் பெயர்க்கும் ஐஸ்லாந்தியர் நம் ஒவ்வொரு 'தெரியு'மிலும் நின்று, "எந்தத் தெரியும்?" என்று கேட்க வேண்டியிருக்கும்.

உறவுப் பெயர்களையும் பார்ப்போம். ஆங்கிலேயருக்கு 'அங்கிள்' ஒருவரே. ஐஸ்லாந்தியர் தந்தையின் உடன்பிறந்தாரை 'ஃபோதுர்புரோதிர்' என்றும், தாயின் உடன்பிறந்தாரை 'மோதுர்புரோதிர்' என்றும் வேறுபடுத்த வல்லவர். நாம் ஒரு படி மேலே சென்று பெரியப்பா, சித்தப்பா என மூப்பும் பார்க்கிறோம். ஆனால் அன்றாடப் பேச்சில் அவர்களிடம் 'ஃப்ரைந்தி' என்றொரு சொல் உண்டு. மாமாவும் ஃப்ரைந்தி, சித்தப்பாவும் ஃப்ரைந்தி, அண்ணன் மகனும் ஃப்ரைந்தி, அத்தை மகனும் ஃப்ரைந்தி! அவர்கள் புதினத்தைத் தமிழாக்குவோர் முதலில் அக்குடும்பத்தின் வழிமுறையை வரைந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகோலைத் தொடவேண்டும்.

'ஸ்பிரிங்' என்பது இளவேனில், சுருள்வில், நீரூற்று. ஐஸ்லாந்தில் இளவேனில் 'வோர்', சுருள்வில் 'கோர்முர்'. ஊற்றுக்கு வந்தால் ஒரு சொல் போதாது. குளிர்ந்த நீர் சுரக்கும் ஊற்று 'லிந்த்'. கொதிநீர் ஊற்று 'க்வேர்'. குளிக்கும் பதமான வெந்நீர் ஊற்று 'லெய்க்'. எரிமலை நிலத்தில் வாழ்வோருக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. கொதிநீரில் குளிக்க இறங்க முடியுமா? நீர் பீறிட்டு எழும் புகழ்பெற்ற ஊற்று ஒன்றுக்குக் 'கேய்சிர்' என்று பெயர். அவ்வூற்றின் பெயரே ஆங்கிலத்தில் பொதுச்சொல்லாகி, இந்தியாவுக்கு வந்து, குளிர்காலக் காலையில் நம் விடுதிக் குளியலறையில் நாம் தேடும் 'கீசர்' ஆயிற்று.

இவை வெறும் சொல் விளையாட்டு அல்ல. நம் படிப்பையே தொடும் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 'பவர்' என்பது இயற்பியலில் ஒன்று, கணிதத்தில் ஒன்று, அரசியலில் ஒன்று. ஐஸ்லாந்தியர் முறையே 'அப்ல்', 'வெல்தி', 'வால்த்' என்பர். தமிழில் திறன், அடுக்கு, அதிகாரம் என நல்ல சொற்கள் உள்ளன. அப்படியிருந்தும் தமிழில் அறிவியல் பேச முயலும் நம் நண்பர் பலர் எங்கும் 'சக்தி' என்ற ஒன்றையே ஆள்கின்றனர். கேட்போர் அதை 'எனர்ஜி' என்று கொண்டால் இயற்பியலே தவறிவிடும். "ஐந்தின் மூன்றாம் சக்தி" என்றாலோ கணித மாணவர் நகைப்பர். பிறகு, "தமிழில் அறிவியல் சொல்ல முடியாது" என்ற பழி எழுகிறது. குற்றம் தமிழில் இல்லை. பொருளைப் பிரிக்குமுன் சொல்லைத் தேடிய அவசரத்தில் இருக்கிறது.

ஐஸ்லாந்தியர் இவ்வவசரம் கொள்ளார். 'செல்' என்பது உடலில் இருந்தால் 'ஃப்ருமா'; முதன்மை, தொடக்கம் என்னும் கருத்திலிருந்து பிறந்த சொல் அது. சிறையில் இருந்தால் 'க்லேவி'. 'கம்ப்யூட்டர்' என்பது முன்பு கணக்கிடும் ஆளையும் குறித்த சொல். அப்பெயரில் பொறி வந்தபோது, 1960களில் சிகுர்துர் நோர்தால் என்னும் அறிஞர், எண் என்று பொருள்படும் 'தாலா'வையும் குறி சொல்பவள் என்று பொருள்படும் 'வோல்வா'வையும் இணைத்துத் 'தோல்வா' என்று பெயரிட்டார். இன்று நாடெங்கும் வழங்குவது அச்சொல்லே.

அவர்கள் மொழியில் மயக்கமே இல்லை என்று எண்ணிவிட வேண்டா. 'சாகா' என்றால் கதை, வரலாறும் சாகாவே. 'ஔ' என்னும் ஓரெழுத்துச் சொல் ஆற்றைக் குறிக்கும். மேல் என்ற பொருளும் தரும். உடையன் என்றும் ஆகும். "ஹன் ஔ ஔ" என்றால் "அவனுக்கு ஓர் ஆறு உண்டு" என்று பொருள். நம் ஆறும் நதியாய், எண்ணாய், வழியாய், சினம் தணியச் சொல்லும் ஏவலாய் நிற்பதை நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மொழியும் சில இடங்களில் பிரிக்கிறது. சில இடங்களில் சேர்க்கிறது. பிரிக்கும் இடங்கள் இரு மொழிக்கும் ஒத்துவருவதில்லை. மொழிபெயர்ப்பின் தொல்லையும் இன்பமும் அங்கேதான்.

இன்று கைப்பேசியே மொழிபெயர்த்துத் தருகிறது. தனிச் சொல்லைக் கொடுத்தால் அதுவும் திகைத்து ஏதோ ஒன்றைத் தரும். முழுத் தொடரைக் கொடுத்தால் பெரும்பாலும் நேர்வழி செல்லும். பொறிக்குப் பொருந்தும் இவ்விதி நமக்கும் பொருந்தும். தொடரை நோக்குக, பொருளைத் தெளிக, பின்னர்ச் சொல்லைத் தேடுக.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவம் பயில்வோர், பொறியியல் பயில்வோர், பொருளியல் பயில்வோர் எனப் பலர் நம் சங்கத்தில் இருக்கிறீர்கள். உங்கள் பாடத்தில் பல பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள் பத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் பொருளையும் எண்ணிட்டுப் பிரியுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் நேராக ஒரு தமிழ்ச் சொல் எழுதுங்கள். கிடைக்காத இடத்தை வெறுமையாக விடுங்கள். அவற்றையெல்லாம் தொகுத்து நம் இதழில் வெளியிடலாம். உங்களுக்குக் கிடைக்காத சொல் மற்றொருவரிடம் இருக்கக்கூடும்.