லாரித் தொழிலுக்கு மாறலாமா?

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழருள் சாலைக் கடைத்தெருவை அறியாதவர் இலர் எனலாம். திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைத்த அங்காடி அது. தமிழ் வணிகரும், கணக்கரும், சுமை தூக்குவோரும் தலைமுறை தலைமுறையாக அங்கே பிழைத்து வருகின்றனர். தமிழ்நாட்டிலிருந்து காய்கறியும் பலசரக்கும் ஏற்றிய லாரிகள் அந்த நகருக்கு நாள்தோறும் வந்த வண்ணம் இருக்கின்றன.

வியாபாரம் மந்தமாகிச் சம்பளம் குறைந்துவிட்ட காலத்தில், இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையான ஒரு கடைக் கணக்கர் அந்த லாரிகளைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “நாமும் இத்தொழிலுக்குப் போனால் என்ன?” என்ற எண்ணம் அவருக்குத் தோன்றுவது இயல்பே. 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்து கடைகள் பல அடைபட்டபோதும் சரக்கு லாரிகள் ஓடவே செய்தன. மக்கள் உண்ணும் வரையில் லாரிக்கு வேலை உண்டு என்பது மெய்தான். எனினும், ஒரு தொழிலில் வேலை உண்டு என்பது வேறு. அத்தொழிலால் நம் குடும்பம் நிலைபெறும் என்பது வேறு. பின்னதை அறிய மூன்று கணக்குகளைப் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது காலக் கணக்கு. கனரக லாரியை ஓட்டும் உரிமம் நினைத்த மாத்திரத்தில் கிடைப்பதன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, இருபது வயது நிறைந்து, இலகு வாகன உரிமம் பெற்று ஓராண்டேனும் கழிந்தவரே அதற்குப் பழகுநர் உரிமம் கோரலாம். மருத்துவச் சான்றும் வேண்டும். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்றிருந்த விதி 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆதலின் படிப்புக் குறைவு இன்று தடையாகாது. தமிழ்நாட்டில் பெற்ற உரிமம் இந்தியா முழுவதும் செல்லும் என்பதையும் நம்மவர் நினைவிற் கொள்ளலாம். பயிற்சிக்குத் தனியார் பள்ளிகளேயன்றி, கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமும் 2024இல் ஓட்டுநர் பள்ளிகளைத் தொடங்கியது; கனரக வாகனப் பயிற்சியும் அவற்றில் உண்டு.

ஆக, கார் உரிமமும் இல்லாத ஒருவர் பெரிய லாரியில் ஏறி முதற் கூலி வாங்குவதற்கு ஓராண்டுக்கு மேலாகும். அதுவரை வீட்டில் அடுப்பு எரிவது எவ்வாறு? கையிலுள்ள வேலையை விட்டுவிட்டுக் கற்கப் புகுதல், நடு ஆற்றில் தோணியை விட்டு இறங்குவது போலாகும்.

இரண்டாவது வருவாய்க் கணக்கு. லாரித் தொழிலில் மாதச் சம்பளத்தைவிட, நடைக்கு இவ்வளவு என்னும் கூலியும் வழிச்செலவுக்கான படியுமே மிகுதியாக வழங்குகின்றன. நடை இல்லாத நாளில் கூலியும் இல்லை. ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கும் நேரத்திற்குப் பெரும்பாலும் ஊதியம் இராது. கேட்ட தொகையில் வழிச் சாப்பாட்டையும் வெறும் நாட்களையும் கழித்து எஞ்சுவதே வீட்டிற்கு வரும் வருவாய்.

விழிஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டதால் லாரி வேலை பெருகிவிடும் என்று நம்புவோரும் உளர். பெரிய கப்பலில் வந்த பெட்டகங்களை வேறு கப்பல்களுக்கு மாற்றி அனுப்புவதே அத்துறைமுகத்தின் முதன்மை நோக்கம். அவ்வாறு மாறிச் செல்லும் பெட்டகம் சாலைக்கு வருவதில்லை என்பதை உணர்தல் நலம்.

வேலைக்குச் சேருமுன் முதலாளியிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். வண்டியின் காப்புறுதி நடப்பில் உள்ளதா? சரக்குச் சேதமும் அபராதமும் யார் பொறுப்பு? இறக்குக்கூலி யார் தருவது? கேரளத்தில் 1978ஆம் ஆண்டுச் சுமைத் தொழிலாளர் சட்டப்படி பதிவு பெற்ற தொழிலாளர் உண்டு. அவர்கள் செய்த வேலைக்குக் கூலி தருதல் முறை. வேலை செய்யாமலே கேட்கப்படும் நோக்குக்கூலியை அம்மாநில அரசு 2018 மே முதல் நாளன்று ஒழித்தது.

எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்பது மற்றொரு கேள்வி. நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்திற்கு 48 மணி, ஐந்து மணி வேலைக்குப்பின் அரைமணி ஓய்வு என்று 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. ஆயினும் ஐந்து பேருக்குக் குறையாத தொழிலாளரை உடைய நிறுவனங்களையே அது கட்டுப்படுத்தியது. ஓரிரு லாரிகளை மட்டுமே உடைய முதலாளிகளோ நம் நாட்டில் மிகப் பலர். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டமும் எட்டு மணி என்றே கூறுகிறது. ஆனால் ஏட்டில் எழுதிய ஓய்வு நள்ளிரவு நெடுஞ்சாலையில் தானாக வந்து சேராது. உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது வண்டியை ஓரங்கட்ட இசையும் முதலாளியா என்று அறிந்தே சேர வேண்டும்.

மூன்றாவது வீட்டுக் கணக்கு. பலரும் போட மறப்பது இதுவே. திருவனந்தபுரத்திலிருந்து சென்னை எழுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. போன இடத்தில் திரும்புவதற்குச் சரக்குக் கிடைக்கும் வரை ஓட்டுநர் அங்கேயே தங்க நேரும். சொந்த ஊரில் இருப்பவர் அத்தகைய நாட்களில் தாத்தா பாட்டியையும் சுற்றத்தாரையும் நம்பலாம். வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கோ அத்துணை பெரும்பாலும் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், பள்ளியில் அழைத்தாலும், முழுப் பாரமும் மனைவியின் தலையிலேயே விழும். ஆதலின் இம்முடிவு தந்தை ஒருவரே எடுக்கத்தக்கதன்று. இல்லாளும், விவரம் அறிந்த பிள்ளைகளும் கூடியிருந்து பேச வேண்டியது.

இம்மூன்று கணக்கும் ஒத்துவராதபோது நடுவழி ஒன்று உண்டு. சரக்குடன் சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வாகனத்தை, இலகு வாகன உரிமம் பெற்றவரே தனி அனுமதியின்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. அத்தகைய சிறு வண்டியில் சாலைக் கடைத்தெருவிலிருந்து நகரத்துக் கடைகளுக்கோ, ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகர்கோவிலுக்கோ சரக்குக் கொண்டு சென்று இரவில் வீடு திரும்பலாம். நெடுந்தூர லாரியின் வருவாய் இதில் வாராமற் போகலாம். ஆயினும் தொழில் தமக்கு ஒத்துவருமா என்பதைக் குடும்பத்தைப் பணயம் வையாமலே கண்டறியலாம். கனரக உரிமத்திற்கு வேண்டிய ஓராண்டும் அதற்குள் கழிந்துவிடும்.

கஷ்ட காலத்தில் தொழில் மாறுவது இழிவன்று. மக்களைக் காக்க முனையும் தந்தையின் கடமையே ஆகும். ஆனால் அவசரத்தில் மாறுதல் வேறு, அளந்து மாறுதல் வேறு. நடைக்கு என்ன கூலி என்று கேட்பவர், மாதத்தில் எத்தனை இரவு வீட்டில் உறங்கலாம் என்பதையும் உடன் கேட்பாராக. அவ்விரு விடைகளையும் மனைவியின் முன் வைத்து, இருவரும் இசைந்த பின்னரே லாரியில் ஏறுவாராக.