கெமிஸ்ரிக் கொப்பிக்குள் ஒரு காதல் கதை

முன்பக்கத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். முன்பக்கம் முழுக்கக் கடந்தகால வினாத்தாள், பஞ்சாங்கம், தேவாரத் திரட்டு, மாணவர் அகராதி. யாழ்ப்பாண நகரத்தில் பழைய புத்தகங்களை வாடகைக்கு விடும் இந்தச் சின்னக் கடைக்குள் எந்தத் தகப்பனும் மகளைக் கூட்டிக்கொண்டு தைரியமாக நுழையலாம். விஷயம் பின்னால் இருக்கிறது. கதவுக்குப் பதிலாகத் தொங்கும் பழைய சீலையை விலக்கி உள்ளே போனால், கூரை முட்டும் அலுமாரிகளில் காதல் நாவல்கள். ஐயோ, ரமணிசந்திரன்! ரமணிசந்திரனுக்குப் பக்கத்தில் ரமணிசந்திரன், அதற்குக் கீழ்த்தட்டில் மறுபடியும் ரமணிசந்திரன். அட்டைப் பெண்கள் எல்லாரும் ஒரே பக்கமாகத் தலை சாய்த்து எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"மெல்ல இழுங்கோ, அட்டை கழண்டுபோம்" என்று முன்னுக்கிருந்து குரல் வந்தது.

"இதெல்லாம் இப்பவும் ஓடுதோ அண்ணை?"

"என்ன கதைக்கிறியள்! முன்னுக்கு அடுக்கி வைச்சிருக்கிறது ஷோவுக்கு. கடைக்கு வாடகை கட்டுறது இவாதான்."

நிற்காமல் ஒன்றை உருவினேன். பிறவுண் பேப்பர் உறை, அதற்கு மேல் பொலித்தீன் உறை. திறந்தால் கொண்டாட்டம்! ஓரமெல்லாம் எழுத்து. நீலப் பேனை, சிவப்புப் பேனை, பென்சில். நாயகன் நாயகியைச் சந்தேகப்பட்டுக் கை ஓங்குகிற இடத்தில், உருண்டையான பள்ளிக்கூட எழுத்தில் ஒரு தீர்ப்பு: "இவனுக்குச் செருப்பாலை குடுக்கோணும்." அதற்குக் கீழே இன்னொரு கை: "ஓம்." அதற்கும் கீழே, கொஞ்சம் முதிர்ந்த எழுத்து: "அவசரப்படாதே, பேந்து திருந்துவான்." அதன் கீழே சிவப்பில், கோபமாக: "திருந்தினாலும்!" கடைசித் தாள் எப்போதோ கிழிந்து போய்விட்டது. யாரோ ஒரு புண்ணியவதி ரூல் போட்ட தாளில் முடிவை எழுதி ஒட்டியிருக்கிறாள்: "இருவரும் சேர்ந்துவிட்டார்கள். மாமியாரும் மன்னிப்புக் கேட்டா."

எங்கள் ஊரில் நூல் வெளியீட்டு விழாக்களுக்குப் பஞ்சமில்லை. மங்கல விளக்கு, வரவேற்புரை, வெளியீட்டுரை, ஆய்வுரை, நயப்புரை, ஏற்புரை. முதற்பிரதி வாங்குபவர் கடித உறையோடு மேடையேறுவார், பொன்னாடை பறக்கும், கடைசியில் ரோல்ஸும் தேத்தண்ணியும். ஆனால் இப்படி ஒரு விமர்சனத்தை அந்த மேடைகளில் நான் கேட்டதில்லை. இங்கே ஒரு வரி விடாமல் வாசித்து, பிடிக்காத இடத்தில் கதாநாயகனோடு மல்லுக்கட்டி, அடுத்த வாசகியோடும் வாதாடியிருக்கிறார்கள். பதினாறு வயதில், ரியூசன் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில்!

இந்தப் புத்தகங்கள் வீட்டுக்குள் போகும் வழி ஒரு தனிக்கலை. மாத நாவல் அளவு சி.ஆர். கொப்பிக்குள் கச்சிதமாக அடங்கும். கெமிஸ்ரிக் கொப்பி விசேஷம். சமன்பாடுகளைக் கண்டால் அம்மா கிட்ட வரமாட்டா. பிடிபட்டால் புத்தகம் பறிமுதல். பறிமுதலான புத்தகம் அடுப்படிப் பக்கம் போய், இரண்டு நாள் கழித்து, சில பக்கங்களில் எண்ணெய்க் கறையோடு, "இனிமேல் இதுகளை வாசிக்காதை" என்ற அறிவுரையுடன் திரும்பி வரும். அம்மா எந்தப் பக்கம் வரை வாசித்தா என்பதைக் கறையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஆங்கிலத்தில் இதே சரக்கு வந்தால் மட்டும் கதை வேறு. 1908இல் இங்கிலாந்தில் தொடங்கிய மில்ஸ் அன்ட் பூன் பதிப்பகத்தின் காதல் நாவலோடு ஒரு பிள்ளை விறாந்தையில் இருந்தால், "இங்கிலீஷ் நல்லா வரும்" என்று வந்த விருந்தாளியிடம் பெருமை பேசுவார்கள். அதே பிள்ளை ரமணிசந்திரனோடு இருந்தால் "கெட்டுப்போறாள்." இரண்டிலும் பணக்காரன், இரண்டிலும் கோபக்காரன், இரண்டிலும் கடைசிப் பக்கத்தில் கல்யாணம்!

சரி, இது இலக்கியமா? இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தில் கேட்பதில் எனக்கு ஒரு குறும்பான சந்தோஷம் உண்டு. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் அச்சேற்றியது எதை என்று நினைக்கிறீர்கள்? கலித்தொகை. களவொழுக்கம், தோழியின் தந்திரம், தாயின் காவல், ஊர் வாயில் விழும் அலர். இற்செறிப்பு என்று துறைப்பெயர் சொன்னால் பரீட்சையில் புள்ளி கிடைக்கும். படலையைப் பூட்டி மகளை உள்ளே வைத்த கதை என்று சொன்னால் மாத நாவல். அகத்திணைத் தலைவி பருவப் பெண்தான், பேராசிரியை அல்ல. பருவத்துக் காதல் அற்பமான பொருள் என்று தமிழ் படித்த ஒருவர் சொன்னால், அவர் முதலில் தன் அலுமாரியில் பாதியைக் காலி செய்யவேண்டியிருக்கும்.

நாவலுக்கு வந்தாலும் அதே வம்புதான். திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட 'மோகனாங்கி'யைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று மரியாதையோடு சொல்கிறோம். அதன் நடுவில் இருப்பது காதல். ஈழத்தின் முதல் பெண் நாவலாசிரியராகப் போற்றப்படும் மங்களநாயகம் தம்பையா 1914இல் 'நொறுங்குண்ட இருதயம்' எழுதினார். தலைப்பைப் பாருங்கள். இன்றைக்கு ஒரு மாத நாவலுக்கு இந்தத் தலைப்பை வைத்தாலும் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள்! உள்ளே கண்மணி என்ற பெண்ணின் கல்யாண வாழ்க்கையும் அவள் பட்ட பாடும். யாழ்ப்பாணத்துப் பெண் எழுதிய நாவல் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் உண்மையான கூத்து 1970களில் நடந்தது. அதற்கு முன்னைய ஆண்டுகளில் தமிழ்நாட்டு வணிகச் சஞ்சிகைகள் கப்பல் கப்பலாக இறங்கி ஈழத்து எழுத்தை மூச்சு முட்டவைக்கின்றன என்று முற்போக்கு எழுத்தாளர்கள் குரல் எழுப்பினார்கள். டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் 'மல்லிகை'யை யாழ்ப்பாணத்தில் தொடங்கியதும் இந்தச் சூட்டில்தான். பின்னர் அரசாங்கம் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. இனிமேல் கனமான இலக்கியம்தான் என்று எத்தனை பேர் நெஞ்சை நிமிர்த்தியிருப்பார்கள்! முன்படலையைச் சாத்தினால், காதல் கதை வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து முற்றத்தில் நின்றது. இந்த முறை உள்ளூர்ப் பிள்ளையாக.

வீரகேசரி பிரசுர நாவல் வரிசையைச் சொல்கிறேன். அந்த வரிசையில் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' வந்தது. தண்ணிமுறிப்புக் காட்டில் வளர்ந்த பதஞ்சலியின் கதை, சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' வந்தது. நெடுந்தீவுக் கரை, பருவத்துக்கு வந்து வாடி போடும் மீனவர்கள், காதல். அது 1978இல் திரைப்படமாகவும் ஆனது. அதே வரிசையில், அதே கடையில், இணுவில் கே. எஸ். ஆனந்தனின் 'தீக்குள் விரலை வைத்தால்', திருகோணமலை ந. பாலேஸ்வரியின் 'பூஜைக்கு வந்த மலர்', இந்து மகேஷின் 'ஒரு விலைமகளைக் காதலித்தேன்'. கடைசித் தலைப்புள்ள புத்தகத்தைக் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய அந்தக்காலத்துப் பிள்ளைகளுக்கு நான் தலைவணங்குகிறேன்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இவற்றை வாசித்தவர்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்து நிற்கவில்லை. பரிசு பெற்ற நாவலையும் தலையணைக்குக் கீழே வைத்த நாவலையும் ஒரே கை வாங்கியது. 'இது தரம், அது தரமில்லை' என்ற கோடு ஆய்வுகளில்தான் போடப்பட்டது. க. கைலாசபதி 1968இல் 'தமிழ் நாவல் இலக்கியம்' எழுதி, சமூக யதார்த்தத்தை நாவலின் அளவுகோலாக்கினார். அந்த அளவுகோல் நமக்கு நிறையச் செய்தது, அதில் சந்தேகமில்லை. கே. டானியலின் நாவல்களை அது இல்லாமல் யார் அப்படி வாசித்திருப்பார்கள்? ஆனால் காதல் நாவலை அந்தக் கோலால் அளக்கக்கூட இல்லை. அளக்கத் தகுதியில்லாததென்று ஒதுக்கிவிட்டார்கள். அளந்து, குறைவென்று எழுதியிருந்தால்கூட அது மரியாதை.

நான் அளக்கிறேன், கேளுங்கள். ரமணிசந்திரன் எழுதிய நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்களில் பலவற்றின் நாயகிகளை ஒருவருக்கொருவர் மாற்றி வைத்தாலும் கதை நடக்கும். சாதி என்ற சொல்லே இல்லாத ஒரு தமிழ் உலகம் அவருடையது. கல்யாணப் பேச்சில் சாதி வராத வீடு யாழ்ப்பாணத்தில் எங்கே? சீதனப் பிரச்சினையைப் பணக்கார மாப்பிள்ளை தீர்த்துவைக்கிறான், பிரச்சினை அப்படியே இருக்கிறது. சந்தேகப்படுகிறவன், குத்திப் பேசுகிறவன், எல்லாம் காதலின் மிகுதி என்று மன்னிக்கப்படுகிறான். இது சின்னக் குற்றமில்லை. பதினாறு வயதில் இதை நம்பி, முப்பது வயதில் அழுகிற பெண்கள் இருக்கிறார்கள்.

ஆனால் தொழில்? ஒரு வீடு, இரண்டு பேர், இடையில் சொல்லாத ஒரு வார்த்தை. இதை மட்டும் வைத்துக்கொண்டு இருநூறு பக்கம் வாசகியை எழும்பவிடாமல் இருத்துவது லேசான காரியமா? அவருடைய உரையாடலில் ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுக்காத ஒரு சொடுக்கு இருக்கும். நாயகியிடம் நகை இருக்காது, தன்மானம் இருக்கும். அதை விற்காமல் கடைசிவரை கொண்டுபோவாள். சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் வெகுசனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது ரமணிசந்திரனையும் சேர்த்தது. அந்த ஆங்கிலத் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு "இன்ட்ரெஸ்டிங்" என்று சொன்னவர்களில் சிலர், தமிழ் மூலத்தை வீட்டில் வைத்திருக்கக் கூச்சப்படுபவர்கள்!

யுத்த காலத்தைப் பற்றி என் பெரியம்மா சொல்வா. 1990க்குப் பிறகு குடாநாட்டில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. 'உதயன்' பத்திரிகையே கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாட்கள் அவை. ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி நாலைந்து பெட்டையள், ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்க, ஷெல் சத்தம் கிட்ட வந்தால் விளக்கையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு பங்கருக்குள். "அங்கை போயும் வாசிச்சனீங்களோ?" என்று கேட்டேன். "பின்னை? அவன் அவளிட்டைச் சொன்னானோ இல்லையோ எண்டு தெரியாமல் எப்பிடியடி சாகிறது?" பெரியம்மாவுக்கு அதற்கு மேல் இலக்கியக் கொள்கை கிடையாது.

இப்போது கொப்பி தேவையில்லை, கைப்பேசி போதும். ரோசி கஜன், நிதனிபிரபு போன்ற ஈழத்துப் பெண்கள் எழுதும் காதல் தொடர்கதைகளில் எங்கள் ஊர்ப் பேச்சும் எங்கள் ஊர் வீடுகளும் வருகின்றன. அத்தியாயம் தாமதித்தால் "அடுத்த யூடி எப்ப அக்கா?" என்று கூட்டம் கதவைத் தட்டுகிறது. கடைக்கார அண்ணைக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம், அவர்களுடைய அம்மாமார் மட்டும் தவறாமல் வருகிறார்களாம், இப்போது ஒளிக்காமல்.

என் தீர்ப்பைக் கேட்டால்: மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். பொன்னாடை அல்ல, வாசிப்பு. எந்த நாவலை எப்படி எழுதினார்கள், எங்கே சறுக்கினார்கள், எங்கே வென்றார்கள் என்று பெயர் சொல்லி, பக்கம் சொல்லி எழுதும் மரியாதை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர்களே, அகத்திணைக்கு எத்தனையோ ஆய்வு வந்தாயிற்று, கே. எஸ். ஆனந்தனுக்கும் பாலேஸ்வரிக்கும் ஒரு கை பாருங்கள்.

அதற்கு முதலில் புத்தகம் இருக்கவேண்டும். 1981இல் யாழ் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை எரியக் கொடுத்த ஊர் நாங்கள். மிச்சமிருக்கும் வீரகேசரிப் பிரசுரங்களும் மித்திரன் வாரமலர்த் தொடர்கதைக் கட்டுகளும் வீடுகளின் பெட்டகத்துக்குள் கறையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களை மின்வருடி இணையத்தில் ஏற்றிவருகிறது. உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ ஒளித்து வைத்தது ஏதாவது அகப்பட்டால், பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துப் போடாதீர்கள், அவர்களிடம் கொடுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.