நாசியில் ஊதப்பட்ட சுவாசமும் நம் நகரத்தின் காற்றும்



சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், ஆராதனை முடிந்தபின் ஒரு தாய் தன் எட்டு வயது மகளை ஜெபத்திற்காக என்னிடம் அழைத்து வந்தார். தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்பைத் தேடிப் பெங்களூருக்கு வந்த குடும்பம். தகப்பனார் ஆட்டோ ஓட்டுகிறவர். ஊரில் இருந்தவரை அந்தப் பிள்ளைக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. இங்கே வந்த இரண்டாம் வருடத்தில் இளைப்பு தொடங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவாளாம். நான் அவள் தலையில் கைவைத்து ஊக்கமாய் ஜெபித்தேன். ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகப் புகை உள்ளே வந்தது; பிள்ளை இருமத் தொடங்கினாள். அன்பின் விருந்தில் பயன்படுத்திய பிளாஸ்டிக் தட்டுகளையும் டம்ளர்களையும் மண்டபத்தின் பின்புறம் குவித்து, நம் வாலிபச் சகோதரர்கள் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். குப்பையை மிச்சம் வைக்காமல் கொளுத்திவிடுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தவன் நான்தான்.

அன்றைக்கு எனக்கு உண்டான வெட்கத்தை மறைக்காமல் எழுதுகிறேன். சுகம் தாரும் என்று உதட்டினால் கேட்டுக்கொண்டே, வியாதியைக் கையினால் மூட்டிக்கொண்டிருந்தோம்.

தேவன் மனுஷனை மண்ணினால் உருவாக்கி, அவன் நாசியிலே ஜீவசுவாசத்தை ஊதினார் என்று ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். அதே இரண்டாம் அதிகாரத்தில், தோட்டத்தைப் பண்படுத்துவதோடு அதைக் காக்கும் பொறுப்பையும் மனுஷனிடத்தில் ஒப்படைத்தார். முதற்பகுதியைப் பற்றி நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். காக்கும் பொறுப்பைப் பற்றி அந்த ஞாயிறு வரையிலும் ஒரு செய்திகூடக் கொடுத்ததில்லை.

பெங்களூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியேறிய நம் முந்தின தலைமுறையினர், இதன் குளிரை எண்ணி ஸ்வெட்டரோடு ரயிலேறினார்கள். காற்று மாற்றத்திற்காகவே நோயாளிகளை இங்கு அனுப்பிய காலமும் உண்டு. அப்படிப்பட்ட நகரத்தில் குழந்தைகள் நல மருத்துவர் எச். பரமேஷ் அவர்கள் இருபது ஆண்டுகளாக 18 வயதிற்குட்பட்ட 20,000 பிள்ளைகளைப் பரிசோதித்துத் தொகுத்த கணக்கு நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. 1979ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஒன்பது பிள்ளைகளுக்கு இருந்த ஆஸ்துமா, 1999ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஏறக்குறைய முப்பது பிள்ளைகளுக்கு இருந்தது. வாகனப் பெருக்கமும் நகரின் நெருக்கடியும் அதற்கு முக்கியக் காரணங்கள் என்று அவர் எடுத்துக் காட்டினார்.

இன்று இந்நகரில் பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. 2010ஆம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட ஆறு நகரங்களின் ஆய்வில், பெங்களூரில் வெளியேறும் நுண்துகள்களில் சுமார் 40 சதவீதத்திற்கு வாகனப் போக்குவரத்தும், சுமார் 20 சதவீதத்திற்குச் சாலையிலிருந்து எழும்பும் தூசியும் காரணம் என்று கண்டார்கள். கட்டிட வேலைகள், தொழிற்சாலைகள், டீசல் ஜெனரேட்டர்கள் அடுத்து வருகின்றன. ஜெனரேட்டர் என்றவுடன் நம் கன்வென்ஷன் கூட்டங்கள் நினைவுக்கு வராமற்போகாது. மின்சாரம் நின்றாலும் ஒலிபெருக்கி நிற்கக்கூடாது என்பதற்காக, ஜனங்கள் உட்காரும் பந்தலுக்குப் பக்கத்திலேயே அதை வைத்துவிடுகிறோம். அதன் புகைக்குழாய் எந்தத் திசையை நோக்குகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

புகையிலே கண்ணுக்குத் தெரிகிற கரி அதிக ஆபத்தானது என்று எண்ணிவிடாதீர்கள். நம் தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கு மேற்படாத துகள்கள் உண்டு. அவற்றை பி.எம். 2.5 என்று அழைக்கிறார்கள். மூக்கின் ரோமமும் சளியும் அவற்றைத் தடுக்க முடியாது. அவை நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்று, அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கின்றன. ஆகையால்தான் காற்று மாசினால் இளைப்பு மாத்திரமல்ல, மாரடைப்பும் பக்கவாதமும் உண்டாகின்றன. 2019ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறக்குறைய 16.7 லட்சம் மரணங்களுக்குக் காற்று மாசு காரணமாயிருந்தது என்று லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தில் வெளியான ஆய்வு கூறுகிறது.

டெல்லியைப் பார்க்கிலும் நாம் பரவாயில்லையே என்று சிலர் சொல்லுகிறார்கள். தேவாலயத்தில் நின்று, இந்த ஆயக்காரனைப்போல் நான் இல்லை என்று ஜெபித்தவனின் ஆறுதல் அது! உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வகுத்தபடி, ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள்களின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மிஞ்சக் கூடாது. நம் நாடு வைத்திருக்கும் வரம்பு 40. பெங்களூரின் சராசரி அண்மை ஆண்டுகளில் 30ஐ ஒட்டியிருக்கிறது. நாட்டின் வரம்புக்குள்தான் இருக்கிறோம்; ஆனால் உலக அளவுகோலின்படி ஏறக்குறைய ஆறு மடங்கு. 2019 ஜனவரியில் மத்திய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியபோது, கர்நாடகத்தில் பெங்களூர், தாவணகெரே, ஹூப்ளி-தார்வாட், கல்புர்கி ஆகியவை தரம் எட்டாத நகரங்களின் பட்டியலில் இருந்தன.

டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் இளைப்பு அதிகமாவதற்கும் ஒரு காரணம் உண்டு. வழக்கமாகத் தரையருகே சூடாகும் காற்று மேலெழும்பி மாசையும் தூக்கிச் செல்லும். குளிர்கால இரவிலோ தரை விரைவில் குளிர்ந்து, கீழே குளிர்ந்த காற்றும் அதன்மேல் சற்று வெப்பமான காற்றும் நிற்கின்றன. அந்த மேலடுக்கு பானைக்கு மூடியிட்டதுபோல் புகையைக் கீழேயே அடக்கிவிடுகிறது. வெயில் ஏறின பின்புதான் மூடி திறக்கும். ஆகையால் நெரிசலான சாலையோரமாக விடியற்காலை நடைப்பயிற்சி செய்யும் முதியோர், குளிர்கால மாதங்களிலாவது நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போடுவது நல்லது.

மனுஷரோடு இது நின்றுவிடுவதில்லை. வாகனங்கள் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் வேதிமாற்றமடைந்து தரையருகே ஓசோனை உண்டாக்குகின்றன. மேலே வானத்தில் நமக்குக் குடையாயிருக்கும் அதே ஓசோன், கீழே கோதுமையையும் அவரை வகைகளையும் வாடச் செய்து விளைச்சலைக் குறைக்கிறது. சாலையோர மரங்களின் இலைகளில் தூசி படிந்து, அவை சுவாசிக்கும் நுண்துளைகளை அடைக்கிறது. கந்தகப் புகை மழையோடு அமிலமாய் இறங்குகிறது. சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது என்று பவுல் ரோமருக்கு எழுதியதை, நாம் வருகையின் போதனையோடு மாத்திரம் சேர்த்துப் படித்துப் பழகிவிட்டோம்.

பெல்லந்தூர் ஏரியை மறந்திருக்க மாட்டீர்கள். 2015 மே மாதத்தில் அதன் நுரையே தீப்பற்றி எரிந்தது. 2017 பிப்ரவரியில் மறுபடியும் தீ. 2018 ஜனவரியில் பற்றிய தீயை அணைக்க இராணுவ வீரர்கள் இறங்க வேண்டியதாயிற்று. தண்ணீர் எரியுமோ? சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் அழுகி மீத்தேன் வாயு எழும்புகிறது. கரையில் காய்ந்த களையும் குப்பையும் குவிகின்றன. ஒரு பொறி போதும். அந்த நுரைக்கு நம் வீடுகளின் சலவைத் தூளும் காரணம். நாம் வடிகாலில் விட்டது, பக்கத்து ஏரியில் நுரையாகி, பின்பு புகையாகி, நம் ஜன்னலுக்கே திரும்பி வந்தது.

அந்தத் தாயைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை அவர் ஒரு மாதமாக நிறுத்தி வைத்திருந்தார். மருந்தை எடுப்பது அவிசுவாசம் என்று எங்கோ கேட்ட பிரசங்கம் அவரை அப்படிச் செய்யத் தூண்டியிருந்தது. நான் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறவன். அதை இன்றும் பிரசங்கிக்கிறவன். ஆனால் எசேக்கியா ராஜாவுக்குச் சுகம் வாக்களிக்கப்பட்ட பின்பும், அவன் கட்டியின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடும்படி சொன்னவன் ஏசாயா தீர்க்கதரிசியே அல்லவா? சகோதரியே, மூச்சுத் திணறும் பிள்ளையிடமிருந்து இன்ஹேலரைப் பிடுங்குவது விசுவாசமல்ல என்று அவரிடம் அன்றே சொன்னேன். வாசிக்கும் பெற்றோர்களே, உங்களுக்கும் அதையே சொல்லுகிறேன்.

பின்பு அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். ஒற்றை அறை; அதில் ஐந்து பேர். கட்டிலின் கீழ் கொசுவர்த்திச் சுருள் புகைந்துகொண்டிருந்தது. ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 சிகரெட்டுகளுக்காவது சமம் என்று 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கண்டிருக்கிறது. கொசுவலை வாங்கிக் கொடுத்தோம். வெந்நீர் அடுப்பில் அட்டையும் பிளாஸ்டிக்கும் எரிப்பதை அவர்கள் தாங்களாகவே நிறுத்தினார்கள். தகப்பனார் சிக்னலில் என்ஜினை அணைக்கப் பழகிக்கொண்டார். பெட்ரோலும் மிச்சமாகிறது என்று பிற்பாடு சாட்சி சொன்னார், சபையார் சிரித்தார்கள்.

மண்டபத்தின் பின்புறத்தில் இப்போது ஈரக் கழிவுக்குப் பச்சைத் தொட்டியும், உலர் கழிவுக்குப் பையும், நாப்கின் போன்றவைக்குச் சிவப்புத் தொட்டியும் இருக்கின்றன. திறந்தவெளியில் குப்பை எரிப்பவருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதை அறிந்த மூப்பர் ஒருவர், அதற்குப் பயந்தே முதல் தொட்டியை வாங்கினார். காரணம் எதுவானாலும் நல்லதுதான். விருந்துக்கு எவர்சில்வர் தட்டுகள் வாங்கினோம்; கழுவ ஆள் இல்லை என்று முதல் மூன்று மாதம் முறுமுறுப்பு இருந்தது. அந்த வாலிபச் சகோதரர்களே இப்போது முறைவைத்துக் கழுவுகிறார்கள்.

அந்தப் பிள்ளை இன்று பத்தாம் வகுப்பு. கடந்த மாதம் வேதாகம வினாடிவினாவுக்கு வந்திருந்தாள். முன்போல் உட்கார்ந்து தூங்குவதில்லை என்றாள். ஜனவரியில் மாத்திரம் சில நாட்கள் இளைப்பு வருகிறதாம்; இன்ஹேலரைப் பையில் வைத்திருக்கிறாள். அவளுக்காக இன்னும் ஜெபிக்கிறோம்.