தேசிய சேவைக்குப் புறப்படும் பிள்ளை: உள்ளத்தை எப்படித் தயார் செய்வது?

கடையநல்லூர், தென்காசி, நாகூர், கீழக்கரை என்று பல ஊர்களிலிருந்து சிங்கப்பூர் சென்று வேரூன்றிய நம் குடும்பங்களில், மகனுக்கு 18 வயது நெருங்கும்போது ஒரு கவலை எழும். பிள்ளை தேசிய சேவைக்குப் போக வேண்டும். கூட்டிய வீட்டைப் பார்த்தே வளர்ந்தவன், உம்மா எழுப்பாமல் எழாதவன், ரசம் இல்லாமல் சோறு இறங்காதவன். அவன் காட்டிலும் மழையிலும் எப்படித் தாக்குப்பிடிப்பான்? தொழுகை என்னாகும்? சாப்பாடு ஹலாலாக இருக்குமா?

ஓட்டப் பயிற்சிக்கும் தண்டாலுக்கும் பல மாதங்கள் ஒதுக்கும் நாம், மனப் பயிற்சிக்கு ஒரு வாரம்கூட ஒதுக்குவதில்லை. ஆனால் முகாமின் முதல் நாள்களில் பிள்ளைகள் பெரும்பாலும் தளர்வது காலில் அல்ல, மனத்தில்தான்.

சட்டம் சொல்வது என்ன?

சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டு முதல் தேசிய சேவை நடைமுறையில் உள்ளது. ஆண் குடிமக்களும், பெற்றோர் வழியாக நிரந்தரவாசத் தகுதி பெற்ற பிள்ளைகளும் பதினாறரை வயதில் பதிவு செய்ய வேண்டும். முழுநேரச் சேவை சுமார் 2 ஆண்டுகள். ஆயுதப்படை, காவல்துறை, குடிமைத் தற்காப்புப் படை ஆகிய மூன்றில் ஒன்றுக்கு அனுப்பப்படுவார்கள்.

"பேசாமல் ஊருக்கு அனுப்பிவிடலாமா?" என்று சிலர் யோசிப்பதுண்டு. இது பிள்ளையின் எதிர்காலத்தோடு விளையாடுவதாகும். 13 வயதுக்குமேல் நீண்ட காலம் வெளிநாட்டில் தங்கவே முன் அனுமதி தேவைப்படும். கடமையிலிருந்து நழுவினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஒரு நாட்டில் வாழ ஒப்புக்கொண்டபோது அதன் ஒப்பந்தங்களையும் ஏற்றுக்கொண்டோம். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்குர்ஆன் 5ஆம் அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. "தப்பிக்க வழி இருக்கிறதா?" என்ற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்வரை பிள்ளையின் மனம் தயாராகாது. முதலில் அந்தப் பேச்சை நிறுத்துவோம்.

முகாமில் என்ன நடக்கும்?

தெரியாததுதான் அச்சத்தைப் பெருக்கும். தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

ஆயுதப்படைக்குத் தேர்வாகும் பெரும்பாலோருக்கு அடிப்படை இராணுவப் பயிற்சி சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள புலாவ் தேக்கோங் தீவில் நடைபெறும். முதல் நாள் குடும்பத்தார் படகில் உடன் செல்லலாம். தங்குமிடத்தையும் உணவுக்கூடத்தையும் சுற்றிக் காட்டுவார்கள். பிள்ளைகள் உறுதிமொழி எடுப்பார்கள். பிறகு விடைபெற வேண்டியதுதான். தலைமுடி ஒட்ட வெட்டப்படும். ஏறக்குறைய முதல் இரண்டு வாரங்களுக்கு வீட்டுக்கு வர முடியாது. அதன்பின் பெரும்பாலும் வார இறுதிகளில் வந்து போகலாம்.

வழக்கமான பயிற்சி 9 வாரங்கள். உடற்தகுதித் தேர்வில் முன்கூட்டியே தேறாதவர்களுக்கும் உடல் எடை கூடியவர்களுக்கும் பயிற்சிக்காலம் நீளும். துப்பாக்கி கையாளுதல், தடை தாண்டுதல், கையெறி குண்டு வீசுதல், சில நாள்கள் காட்டில் தங்கிப் பயிற்சி, இறுதியில் 24 கிலோமீட்டர் நடை என்று படிப்படியாகப் போகும். முதல் நாளே யாரையும் 24 கிலோமீட்டர் நடக்கச் சொல்வதில்லை. இதைப் பிள்ளைக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். இன்று முடியாதது எட்டாவது வாரத்தில் முடியும். பயிற்சி அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

மனத்தை எது அசைக்கிறது?

முதலாவது, தன் நேரம் தன் கையில் இல்லாமல் போவது. எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எப்போது கைத்தொலைபேசியைத் தொடுவது என எல்லாவற்றையும் வேறொருவர் முடிவு செய்வார்.

இரண்டாவது, சத்தம். பயிற்றுநர் உரத்த குரலில் கட்டளையிடுவார். வீட்டில் வாப்பா குரல் உயர்த்தினாலே முகம் வாடும் பிள்ளைக்கு இது பெரிய அதிர்ச்சி. அந்தக் குரல் அவன்மீதான வெறுப்பு அல்ல, நெருக்கடியில் உடனே செயல்படப் பழக்கும் முறை என்பது முன்பே தெரிந்திருந்தால் புண்படமாட்டான். 'திட்டியது என் பிழையையா, என்னையா?' என்று பிரித்துப் பார்க்கக் கற்றவன் இரவில் நிம்மதியாகத் தூங்குவான்.

மூன்றாவது, ஒருவர் பிழைக்கு எல்லோரும் தண்டால் எடுக்க நேர்வது. இது அநியாயமாகத் தோன்றும். ஆனால் பக்கத்தில் இருப்பவனின் காலணிக் கயிற்றையும் கவனிக்க வேண்டும் என்ற பாடம் அதில்தான் பதிகிறது. இறைநம்பிக்கையாளர்கள் ஒரே உடலைப் போன்றவர்கள் என்ற நபிமொழியை மிம்பரில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது புரியாத பாடம் அல்ல.

நான்காவது, பேய்க்கதைகள். 'மூன்று கதவுள்ள அறை' உட்பட தேக்கோங் தீவைப் பற்றிய கதைகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகின்றன. இரவுக் காவலில் நிற்கும்போது இவை நினைவுக்கு வரும். படுக்கும் முன் ஆயத்துல் குர்ஸியும் கடைசி மூன்று சூராக்களும் ஓதும் பழக்கம் வீட்டிலேயே வந்துவிட்டால் அங்கே அது கைகொடுக்கும்.

நான்கு மனப் பயிற்சிகள்

அமெரிக்கக் கடற்படையின் சீல் பிரிவுப் பயிற்சியில் நான்கு மனத் திறன்கள் கற்றுத் தரப்படுகின்றன. நம் பிள்ளைகளுக்கும் அவை பொருந்தும்.

சிறு இலக்கு: ஒன்பது வாரத்தை நினைத்தால் மலைப்பாக இருக்கும். 'அடுத்த வேளைச் சாப்பாடு வரை', 'அடுத்த தொழுகை வரை' என்று பகுத்துக்கொண்டால் நாள் நகரும். ஐவேளைத் தொழுகை ஒரு முஸ்லிமின் நாளை ஏற்கனவே ஐந்தாகப் பகுத்துத் தந்திருக்கிறது.

மனஒத்திகை: அதிகாலையில் எழுவது, படுக்கையை மடிப்பது, அணிவகுப்பில் நிற்பது, திட்டு வாங்குவது, அமைதியாகப் பதில் சொல்வது ஆகியவற்றைக் கண்ணை மூடி ஓட்டிப் பார்க்க வேண்டும். வெற்றியை மட்டும் கற்பனை செய்தால் போதாது. சறுக்கி விழுந்து மறுபடி எழுவதையும் ஒத்திகை பார்க்க வேண்டும்.

தன்னோடு பேசுதல்: களைப்பில் மனம் 'முடியாது' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் வேறொரு சொல்லை வைக்க வேண்டும். நடையின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு திக்ரு என்று பழகியவனுக்குத் தூரம் குறையும். எந்த ஆன்மாவுக்கும் அதன் சக்திக்கு மீறிய சுமையை அல்லாஹ் தருவதில்லை என்ற 2:286 வசனத்தின் பொருளைப் பிள்ளை உணர்ந்து வைத்திருக்கட்டும்.

மூச்சு: பதற்றத்தில் மூச்சு மேலெழும். நான்கு எண்ணும்வரை உள்ளிழுத்து, அதைவிட மெதுவாக வெளிவிட்டால், சில நிமிடங்களில் இதயத் துடிப்பு தணியும். துப்பாக்கி சுடும் பயிற்சியிலும் சீரான மூச்சு உதவும்.

இவை நான்கும் கேட்டவுடன் வந்துவிடாது. மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கி, நாள்தோறும் பத்து நிமிடம் பழக வேண்டும்.

வீட்டிலேயே தொடங்க வேண்டியவை

சிங்கப்பூரில் சுப்ஹு நேரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில் தொடங்கும். சூரியன் ஏழு மணிவாக்கில் உதிக்கும். முகாமிலும் அந்த அதிகாலையில்தான் எழ வேண்டியிருக்கும். ஆக, சுப்ஹுக்கு எழுந்து, திரும்பப் படுக்காமல் இருப்பதே முகாமுக்கான முதல் பயிற்சி.

பிள்ளை தன் துணியைத் தானே துவைக்கட்டும், இஸ்திரி போடட்டும், கழிப்பறையைக் கழுவட்டும். தட்டில் வைத்ததைச் சாப்பிடட்டும். இரவு பத்து மணிக்குமேல் கைத்தொலைபேசியை வாப்பாவிடம் கொடுத்துவிடட்டும். 2.4 கிலோமீட்டர் ஓட்டம், தண்டால், உட்கார்ந்தெழும் பயிற்சி ஆகிய மூன்றும் உடற்தகுதித் தேர்வில் இருப்பதால் அவற்றையும் பழகட்டும். தண்ணீர் அதிகம் குடிக்கும் பழக்கமும் வேண்டும். அந்த வெயிலிலும் புழுக்கத்திலும் இது உயிர் காக்கும்.

தொழுகை, உணவு, நோன்பு

சாப்பாட்டைப் பற்றிய கவலை வேண்டாம். முகாம் உணவுக்கூடத்தில் முஸ்லிம்களுக்கான ஹலால் உணவு தனியாக வழங்கப்படுகிறது. காட்டுப் பயிற்சியில் தரும் பொட்டல உணவிலும் ஹலால் வகை உண்டு.

தொழுகைக்கு, பிள்ளை முதல் நாளே தன் பிரிவுத் தலைவரிடம் பணிவாகப் பேசிவிட வேண்டும். "சார், எனக்குத் தொழுகைக்குச் சில நிமிடம் வேண்டும், பயிற்சிக்கு இடையூறு வராமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் போதும். மறைந்து தொழுவதைவிடச் சொல்லித் தொழுவது எல்லோருக்கும் எளிது.

மார்க்கம் தந்த சலுகைகளையும் கற்றுக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் கிடைக்காதபோது, அல்லது குடிக்க மட்டுமே இருக்கும்போது தயம்மும். ஒளூவுடன் அணிந்த காலுறைமீது, உள்ளூர்வாசிக்கு ஒரு பகலும் ஓர் இரவும் மஸ்ஹு செய்யும் சலுகை உண்டு. இராணுவக் காலணிக்கு அது பொருந்துமா என்பதை ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பயணம் போன்ற காரணங்களுக்கு அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின் அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறெங்கும் இல்லை. ஜும்ஆ, ரமளான் நோன்பு, தாடி மழிக்க வேண்டிய விதி ஆகியவற்றையும் பள்ளிவாசல் இமாமிடம் உட்கார்ந்து முன்கூட்டியே பேசிவிட வேண்டும். காட்டுக்குள் நின்றுகொண்டு 'கூடுமா, கூடாதா' என்று குழம்பினால் மனச்சுமை இரட்டிப்பாகும்.

காட்டுப் பயிற்சியில் பிள்ளை மண்வெட்டியால் குழி தோண்டுவான். ஹிஜ்ரி 5இல் அகழ்ப்போரின்போது நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் பசியோடும் குளிரோடும் மதீனாவைக் காக்க அகழி தோண்டிய வரலாற்றை அவனுக்குச் சொல்லி அனுப்புவோம். கட்டளையிட்டுவிட்டு நபியவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை, தாமும் மண் சுமந்தார்கள்.

பெற்றோர் கவனத்திற்கு

விடைபெறும்போது உம்மாக்கள் அழுவது இயற்கை. ஆனால் அழைப்பு வரும்போதெல்லாம் "எப்படிப்பா இருக்கே, ரொம்பக் கஷ்டமா?" என்று கேட்டால், மறந்திருந்த கஷ்டமும் நினைவுக்கு வரும். "இன்னிக்குப் புதுசா என்னத்தப் படிச்சே? பக்கத்துக் கட்டில்ல யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சே மாறும். "உன் அண்ணன் எப்படி முடித்தான் பார்" என்று ஒப்பிட வேண்டாம். புறப்படும் முன்னிரவு ஊரைக் கூட்டி விருந்து வைப்பதைவிட, வாப்பாவும் மகனும் சேர்ந்து இரண்டு ரக்அத் தொழுது துஆ கேட்பது அவனுக்கு நீண்ட நாள் துணை நிற்கும்.

மறைக்கக் கூடாதவை

மருத்துவப் பரிசோதனையில் ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, மனச்சோர்வுக்கு எடுத்த சிகிச்சை எதையும் மறைக்கக் கூடாது. "சொன்னால் பையனைக் குறைவாக நினைப்பார்கள், நாளைக்குப் பெண் கேட்கப் போகும்போது பேச்சாகும்" என்று மறைத்த நோய், கடும் வெயிலில் ஓடும்போது உயிருக்கே ஆபத்தாகலாம். உடல்நிலைக்கேற்ற பணியைப் பிரித்துக் கொடுக்கத்தான் பரிசோதனையே நடக்கிறது.

முதல் வாரத்தில் அழுகையும் வீட்டு ஏக்கமும் வருவது இயல்பு. பெரும்பாலோருக்கு அது தானாகத் தணியும். ஆனால் நாள்கள் செல்லச் செல்லத் தூக்கமின்மை கூடுவது, சாப்பிட மறுப்பது, யாரோடும் பேசாமை, 'வாழவே பிடிக்கவில்லை' என்ற பேச்சு ஆகியவை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பிள்ளை தன் பயிற்சி அதிகாரியிடமும் முகாம் மருத்துவரிடமும் சொல்லலாம். ஆயுதப்படையின் 24 மணி நேர ஆலோசனைத் தொலைபேசிச் சேவையும் உண்டு. பெற்றோரும் நேரடியாக அதிகாரிக்குத் தகவல் தரலாம்.

"ஈமான் இருந்தால் மனம் தளருமா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட வேண்டாம். மகனைப் பிரிந்த துயரில் யஃகூப் (அலை) அவர்களின் கண்களே வெளுத்துப்போயின என்று சூரா யூசுஃப் சொல்கிறது. அவர்கள் நபி. துயரம் ஈமானின் குறைவு அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். மருத்துவரை அணுகுவது ஒட்டகத்தைக் கட்டுவது. துஆ கேட்பது பொறுப்புச் சாட்டுவது. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

பலமான இறைநம்பிக்கையாளர் பலவீனமானவரைவிட அல்லாஹ்வுக்கு விருப்பமானவர் என்றும், இருவரிடமும் நன்மை உண்டு என்றும் நபிமொழி கூறுகிறது. நம் பிள்ளை அணியில் முதலாவதாக வந்தாலும் கடைசியாக வந்தாலும், தொழுகையோடும் நற்குணத்தோடும் முழு உடல்நலத்தோடும் வீடு திரும்புவதே நமக்கு வேண்டியது. இன்ஷா அல்லாஹ், அதற்கான ஆயத்தத்தை அழைப்புக் கடிதம் வரும்வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே தொடங்குவோம். நம் இளைஞர்கள் அனைவரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக, ஆமீன்.