வரிப்புலி மஃப்ளர்

வரிப்புலி மஃப்ளரைக் குரோஷேவில் பின்ன ஆரஞ்சு, கறுப்பு, வெள்ளை ஆகிய மூன்று நிறக் கம்பளி நூலும் 5 மி.மீ. கொக்கி ஊசியும் போதும். மூன்று நூலும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நிறம் மாறும் இடமெல்லாம் ஓரம் சுருங்கும், அல்லது புடைக்கும். கம்பளி உறுத்தும் தோலுக்கு அக்ரிலிக் நூல் ஒத்துக்கொள்ளும்.

முதலில் 29 சங்கிலிக் கண்ணிகள். ஊசியிலிருந்து இரண்டாவது கண்ணியில் தொடங்கி ஒற்றைக் குரோஷே போட்டால் வரிசைக்கு 28 தையல் வரும்; அகலம் ஏறத்தாழ 20 செ.மீ. ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி அடுத்த வரிசையைத் தொடங்கலாம். பின்னல் போகப்போக ஒடுங்கினால், வரிசையின் கடைசித் தையல் விட்டுப்போகிறது என்று பொருள். எண்ணிக்கொண்டே போவதைத் தவிர இதற்கு வழியில்லை.

புலியின் வரிகள் முதுகிலிருந்து வயிற்றை நோக்கி இறங்குபவை. குறுக்குவாட்டில் பின்னும் மஃப்ளரிலும் பட்டைகள் தாமாகவே அந்தப் போக்கில் விழுகின்றன. ஒரு முனை தலை, மறுமுனை வால். ஆனால் நான்கு வரிசை ஆரஞ்சு, இரண்டு வரிசை கறுப்பு என்று ஒரே கணக்கில் போனால் அது வெறும் பட்டைத் துணிதான். எந்த இரு புலிக்கும் வரிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் கேமராவில் பதிவாகும் புலிகளைத் தனித்தனியே அடையாளம் காண்பதே இந்த வரிகளை வைத்துத்தான். அதனால் ஆரஞ்சு நான்கு, எட்டு, ஆறு என்று மாறட்டும்; கறுப்பு சில இடங்களில் இரண்டு, சில இடங்களில் நான்கு. எல்லாம் இரட்டைப்படையாக இருந்தால் நூல் எப்போதும் ஒரே ஓரத்தில் வந்து நிற்கும். அதை வெட்டாமல் ஓரத்தோடு மேலே கொண்டுபோகலாம். சொருக வேண்டிய நுனிகள் வெகுவாகக் குறையும்.

நிறம் மாற்றும் இடத்தில்தான் கைத்திறன் தெரியும். புது நிறத்தை வரிசை முடிந்தபின் எடுத்தால் விளிம்பில் பழைய நிறம் பொட்டாக நிற்கும். கடைசித் தையலைப் பாதியில் நிறுத்தி, ஊசியில் இரண்டு வளையங்கள் இருக்கும்போதே புது நூலைக் கொக்கியில் மாட்டி இரண்டின் வழியாகவும் இழுக்க வேண்டும். கொஞ்சம் பழகியவர்கள் கறுப்பை வரிசையின் நடுவிலேயே நிறுத்தி, கூராக முடியும் வரிகளையும் கொண்டுவரலாம். ஓய்வில் இருக்கும் நூலை அப்போது தையல்களுக்குள்ளேயே பொதிந்து கொண்டுபோக வேண்டும். புலிக்கு உயிர் கொடுப்பது இந்தக் கூர்தான், மெனக்கெடத் தகும்.

பெரியவர்களுக்கு 150 செ.மீ. நீளம் சரியாக இருக்கும். வால் முனையைக் கறுப்பில் முடிக்கலாம். தலை முனையில் கன்னங்களுக்கு வெள்ளை நூல். காதுகளின் பின்புறம் கறுப்பு, அதன் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. நிஜப் புலிக்கும் அப்படித்தான். குழந்தைகளுக்கான மஃப்ளரில் கண்களுக்குப் பொத்தான் வைக்கக் கூடாது. பிய்ந்தால் வாய்க்குள் போய்விடும். நூலாலேயே தைத்துவிடலாம்.

நூல் நுனிகளை மொட்டை ஊசியால் அந்தந்த நிறத்துக்குள்ளேயே முன்னும் பின்னுமாகச் சொருக வேண்டும். கறுப்புச் சாயம் இறங்கக்கூடும் என்பதால் முதல் அலசல் குளிர்ந்த நீரில், தனியாக. அக்ரிலிக் பின்னலில் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது. சூட்டில் துவண்டால் பழையபடி நிமிராது.