கதிரையைக் கையளித்தவர்கள்

உங்கள் மகனோ மகளோ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, "உம்மா, நான் கணனி படிக்கப் போகிறேன்" என்று சொல்லியிருக்கலாம். நீங்களும் மகிழ்ந்திருப்பீர்கள். வெயிலில் நின்று உழைக்க வேண்டியதில்லை. கடல் கடந்து போகாமலேயே வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்யலாம். பெண் பிள்ளையானால் வீட்டிலிருந்தே சம்பாதிக்கவும் வழியுண்டு. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் சகோதரியே, அந்த வேலை எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அது விளங்கினால்தான் பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகரில், டிஸ்னி கம்பனியின் உல்லாசப் பூங்காக்கள் இருக்கின்றன. 2014 ஒக்டோபரில் அங்கே கணனிப் பிரிவில் வேலை செய்த சுமார் 250 பேரிடம், உங்கள் வேலை முடியப் போகிறது என்று அறிவிக்கப்பட்டது. இனி அந்த வேலையை இந்தியாவைச் சேர்ந்த ஓர் ஒப்பந்தக் கம்பனி பார்த்துக்கொள்ளும். ஆனால் அவர்கள் உடனே வீடு போய்விட முடியாது. மூன்று மாதங்கள் தங்கி, தற்காலிக வீசாவில் வந்தவர்களுக்குத் தம் வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் மேலதிகக் கொடுப்பனவு கிடைக்கும். மறுசீரமைப்பினால் இழந்த வேலைகளை விடக் கூடுதலான புதிய வேலைகளை உண்டாக்கினோம் என்று கம்பனி சொன்னது. ஆனாலும் பழையவர்கள் எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை.

பணம் சம்பாதிக்கும் கம்பனிகள்தான் இப்படிச் செய்யும் என்று நினைக்காதீர்கள். கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவிலுள்ள அரச மருத்துவப் பல்கலைக்கழகமும் 2016இல் இதே வழியில் இறங்கியது. 49 நிரந்தர ஊழியர்கள் 2017 பெப்ரவரி இறுதியில் வெளியேறினார்கள். ஐந்து வருடங்களில் 3 கோடி டொலர் மிச்சமாகும் என்பதே நிர்வாகம் சொன்ன காரணம்.

கற்றுக்கொடுப்பது எப்படி என்று கேட்பீர்கள். முதலில் பழையவர் வேலை செய்வார். புதியவர் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக் குறிப்பெடுப்பார். பிறகு புதியவர் செய்வார். பழையவர் பார்த்துத் திருத்துவார். திருத்துவதற்கு ஒன்றுமில்லை என்ற நாளில் பழையவர் தன் கதிரையைக் கையளித்துவிட்டு எழுந்து போவார். பதினைந்து, இருபது வருடம் தேடிய அனுபவத்தைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகும் ஒரு குடும்பத் தலைவனின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஏன் இடம் மாறுகிறது?

இது நமக்குப் புதிய கதையல்ல. மேல்நாட்டில் தைத்த சட்டை, கூலி குறைவான நாடுகளைத் தேடி வந்தது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் ஆரம்பமான பிறகு எத்தனையோ நம் நாட்டுப் பெண்கள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தார்கள். சட்டைக்காவது கப்பல் வேண்டும். மென்பொருளுக்கு அதுவும் தேவையில்லை. கம்பி வழியாகவோ செய்மதி வழியாகவோ ஒரு நொடியில் கடலைத் தாண்டிவிடும்.

1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி பெங்களூரில் கிளை திறந்து, செய்மதி மூலம் வேலையை அனுப்பவும் பெறவும் தொடங்கியது. அடுத்து 2000ஆம் ஆண்டு நெருங்கியது. பழைய புரோகிராம்கள் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டுமே எழுதி வைத்திருந்தன. 00 என்றால் அது 1900 என்று கணனி எண்ணிவிடும். கோடிக்கணக்கான வரிகளைத் தேடித் திருத்த ஆட்கள் போதவில்லை. அந்த வேலை பெருமளவில் இந்தியாவுக்குப் போனது. அப்போது ஏற்பட்ட தொடர்பு பிறகு விடுபடவில்லை.

நேரமும் துணை செய்கிறது. மாரிகாலத்தில் இங்கே இரவு பத்து மணியாகும்போது கலிபோர்னியாவில் காலை எட்டரை. அவர்கள் மாலையில் விட்டுச் சென்ற வேலை, அவர்கள் தூங்கி எழுவதற்குள் முடிந்திருக்கும். உங்கள் பிள்ளை நடுநிசி வரை திரைக்கு முன் இருப்பதன் காரணமும் இதுதான்.

எல்லோரும் வேலை இழந்தார்களா?

இல்லை. அமெரிக்க அரசின் தொழில் புள்ளிவிபரத் திணைக்களம் 2014 முதல் 2024 வரையான காலத்துக்கு ஒரு மதிப்பீடு செய்தது. பிறர் வகுத்துக் கொடுத்ததைப் பார்த்துப் புரோகிராம் எழுதுவோரின் வேலைகள் 8 வீதம் குறையும். என்ன தேவை என்று அறிந்து மென்பொருளை வகுத்து உருவாக்குவோரின் வேலைகள் 17 வீதம் கூடும் என்றது. சொன்னதை மட்டும் செய்யும் வேலைதான் முதலில் கப்பலேறுகிறது.

அப்படிக் கப்பலேறி வந்த வேலை வந்த இடத்தில் நிலைக்குமா? 2025 ஜூலையில் இந்தியாவின் மிகப் பெரிய கணனிச் சேவைக் கம்பனியான டாட்டா கன்சல்டன்சி சேர்விசஸ், ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. சாதாரணப் புரோகிராம் வரிகளை இன்று கணனியே எழுதித் தருகிறது. மலிவு என்பதற்காக வந்த வேலை, அதை விட மலிவானதைக் கண்டால் அங்கே போய்விடும்.

நம் நாட்டிலேயே வேறு விதமான உதாரணம் உண்டு. 2009இல் லண்டன் பங்குச் சந்தை நிறுவனம், மாலபேயில் இயங்கிய மில்லேனியம் ஐ.டி. கம்பனியை 3 கோடி டொலருக்கு வாங்கியது. 2011 பெப்ரவரியில் லண்டனின் பிரதான சந்தையே அந்த மென்பொருளில் இயங்கத் தொடங்கியது. செலவு குறையும் என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் பங்குச் சந்தையின் நுணுக்கத்தைக் கற்று, சொந்தமாக ஒன்றைச் செய்து வைத்திருந்தபடியால்தான் அவர்களைத் தேடி வந்தார்கள்.

ஆகவே சகோதரிகளே, பிள்ளையைத் தடுக்காதீர்கள். ஆனால் ஆறு மாதப் பாடநெறியின் சான்றிதழோடு திருப்திப்படவும் விடாதீர்கள். கணிதத்தைக் கைவிடாதிருக்கட்டும். ஆங்கிலத்தில் தயங்காமல் பேசவும் தெளிவாக எழுதவும் பழகட்டும். வங்கியோ வைத்தியசாலையோ ஆடைத் தொழிற்சாலையோ, ஏதாவது ஒரு துறையின் நடைமுறையைக் கணனியோடு சேர்த்து அறிந்துகொள்ளட்டும். கை நிறையச் சம்பளம் வரும் மாதங்களில், வராத மாதங்களுக்கும் ஒரு பங்கை எடுத்து வையுங்கள்.

கணனி தெரியாத தாயும் தன் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "நீ செய்கிற இதை யார் பாவிக்கிறார்கள் மகன், அவர்களுக்கு இது எதற்கு?" அவன் தெளிவாகப் பதில் சொன்னால் மனம் ஆறலாம். "தெரியாது உம்மா, சொன்னதைச் செய்கிறேன்" என்றால், அவன் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது.