பக்கவாத்தியம் முன்னால் வந்த கதை

பாலக்காடு என்றதும் சங்கீத ரசிகர்களுக்கு மணி அய்யரின் நினைவு வரும். பாடகருக்குப் பக்கத்தில் ஒலிக்கும் மிருதங்கத்தைக் கேட்பதற்கென்றே கச்சேரிக்கு ஆள் வந்தது அவர் காலத்தில்தான். சென்னை மியூசிக் அகாடமியின் ‘சங்கீத கலாநிதி’ பட்டம் மிருதங்க வித்வான் ஒருவருக்கு முதன்முதலாகக் கிடைத்ததும் அவருக்கே. ஆண்டு 1966.

அமெரிக்காவிலும் ஒரு பக்கவாத்தியத்துக்கு இப்படி ஒரு நல்ல காலம் பிறந்தது. வாத்தியத்தின் பெயர் டோப்ரோ. வாசித்தவர் ஜெர்ரி டக்ளஸ், இரும்பு ஆலைத் தொழிலாளியின் மகன்.

மடியில் கிடக்கும் கிதார்

டோப்ரோ பார்வைக்குக் கிதார்தான். ஆனால் மார்போடு அணைத்து வாசிப்பதில்லை. மடியில் மல்லாக்கப் போட்டு, இடது கையில் ஓர் உருக்குத் துண்டைப் பிடித்துத் தந்திகளின் மேல் வழுக்கி ஓட்டுகிறார்கள். நம் கோட்டு வாத்தியத்தில் கட்டையை நகர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அதன் வயிற்றுக்குள் அலுமினியக் கூம்பு ஒன்று இருக்கிறது. கிதாருக்கு மின்சார வசதி வராத காலத்தில், சத்தம் தூரம் கேட்கச் செய்த ஏற்பாடு அது. ஸ்லோவாக்கியப் பகுதியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய டோப்பியெரா சகோதரர்கள் 1928-ல் இதைச் செய்து, குடும்பப் பெயரைச் சுருக்கி ‘டோப்ரோ’ என்று வைத்தார்கள். அவர்கள் தாய்மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘நல்லது’ என்று பொருள்.

ஆலையும் பாட்டும்

அமெரிக்க மலை நாட்டு மக்களின் இசையில் ஒரு பிரிவு ‘புளூகிராஸ்’. கென்டக்கியைச் சேர்ந்த பில் மன்றோ வளர்த்தது. மாண்டலின், பாஞ்சோ, பிடில், கிதார், பாஸ் ஆகியவையே அதற்கு உரியவை. 1955-ல் பிளாட் - ஸ்கிரக்ஸ் குழுவில் சேர்ந்த ஜாஷ் கிரேவ்ஸ்தான் டோப்ரோவுக்கு அங்கே இடம் தேடிக் கொடுத்தார். ஸ்கிரக்ஸ் பாஞ்சோவில் மூன்று விரல்களால் வாசித்த வேகத்தை இவர் டோப்ரோவுக்குக் கொண்டு வந்தார்.

ஜெர்ரி 1956-ல் ஒஹையோ மாநிலம் வாரன் நகரில் பிறந்தவர். மேற்கு வர்ஜீனியா மலைகளிலிருந்து பிழைப்புக்காக அந்த ஆலை நகரத்துக்கு வந்தவர் அவருடைய தந்தை. வேலை நேரம் போக, தம்மைப் போல் வந்தவர்களுடன் சேர்ந்து ஊர்ப் பாட்டு வாசித்தார். குழுவின் பெயரிலேயே சொந்த மாநிலத்தின் பெயரைச் சேர்த்திருந்தார்கள். ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர்ப் பாட்டு என்னவென்று பீர்மேட்டு லயங்களிலும் கஞ்சிக்கோட்டு ஆலைகளிலும் இருக்கும் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கிரேவ்ஸின் வாசிப்பைச் சிறு வயதில் கேட்ட ஜெர்ரிக்கு, பிறகு வேறு வாத்தியத்தில் மனம் செல்லவில்லை. 1973-ல், பதினேழாவது வயதில், ‘கன்ட்ரி ஜென்டில்மென்’ குழுவில் வாசிக்கப் போய்விட்டார்.

சொந்தப் பெயரில்

1979-ல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. வெளியிட்டது ‘ரவுண்டர்’ கம்பெனி. பெயர் ‘பிளக்ஸாலஜி’; நண்பர்கள் அவரை அழைத்த ‘பிளக்ஸ்’ என்ற செல்லப் பெயரிலிருந்து வந்தது. பெரும்பாலும் பாட்டின் இடைவெளிகளை நிரப்பி வந்த டோப்ரோ, அந்தத் தட்டில் பாடகரின் இடத்தைப் பிடித்தது. தட்டின் பாரத்தையே தாங்கும் சக்தி அதற்கு உண்டு என்று இளைஞர் ஒருவர் காட்டிவிட்டார்.

பின்னர் நம் நாட்டுடனும் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. கிதாரை மாற்றியமைத்து ‘மோகன வீணை’ என்று பெயரிட்டு வாசிக்கும் ஜெய்ப்பூர் விஸ்வ மோகன் பட்டும், ஜெர்ரியும், பாஸ் கலைஞர் எட்கர் மேயரும் சேர்ந்து 1995-ல் ‘போர்பன் அண்ட் ரோஸ்வாட்டர்’ என்ற ஆல்பத்தைத் தந்தார்கள். ஒருவர் ராகத்தில் வளர்ந்தவர், மற்றவர் மலைப் பாட்டில் வளர்ந்தவர். இருவர் கையிலும் வழுக்கி ஓடியது உருக்குத் துண்டுதான்.

2004-ல் ஜெர்ரிக்கு அமெரிக்க அரசின் தேசிய பாரம்பரியக் கலைஞர் விருது கிடைத்தது. கிராமி விருதுகளும் பல வந்தன. ஆனாலும் பக்கவாத்தியத்தை அவர் விட்டுவிடவில்லை. பிறருடைய இசைத்தட்டுகளில் அவர் வாசித்தவை ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல். முன்னால் வந்து உட்கார்ந்த பிறகும், இன்னொருவர் பாடும்போது பின்னால் நகர்ந்து இடம் கொடுக்க அவருக்குத் தெரிந்திருந்தது. மணி அய்யரின் ஊர்க்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்.